தவளை மனிதர்: கயிறும் முகமும்

போரைப் பற்றிய திரைப்படங்களில் பெரும்பாலானவை பேரொலியை நம்பி எடுக்கப்படுபவை. பீரங்கி முழங்க வேண்டும். விமானம் இரைய வேண்டும். வீரன் வீழும்போது இசை எழ வேண்டும். ஆனால் நீருக்கு அடியில் நடக்கும் போரில் இவற்றுள் ஒன்றுக்கும் இடமில்லை. அங்கே மனிதன் பேச இயலாது. கூவி அழைக்க இயலாது. அவனிடம் கவசமும் கிடையாது. அரைக்கச்சையும் கண்ணாடி முகமூடியும் காலில் மாட்டிய துடுப்பும் இடையில் ஒரு கத்தியுமாக அவன் இருளுக்குள் இறங்குகிறான். இத்தகைய வீரரைப் பற்றி ஹாலிவுட்டில் எடுக்கப்பட்ட படங்களுள் காலத்தால் முந்தியதும் இன்றளவும் பேசப்படுவதுமான படம், 1951-இல் வெளிவந்த 'தி ஃபிராக்மென்'. 'தவளை மனிதர்' என்று நாம் அதைத் தமிழில் அழைக்கலாம். லாயிட் பேகன் இயக்கிய இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஒளிப்பதிவுக்காகவும் மூலக்கதைக்காகவும் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

எழுபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட ஓர் அமெரிக்கப் போர்ப்படத்தை இங்கே எடுத்துப் பேசுவானேன் என்று வாசகர் வினவலாம். காரணம் உண்டு. இன்று நம் இளைஞர் கைப்பேசியில் பார்த்து மகிழும் கடலடிச் சண்டைப் படங்கள் பலவற்றின் வார்ப்பு இந்தப் படத்திலேயே உள்ளது. அதன் நிறைகளும் அவற்றுள் தொடர்கின்றன; அதன் பெருங்குறையும் தொடர்கிறது. மூலத்தில் அக்குறையைக் கண்டுகொண்டால், பின்வந்தவற்றைத் தெளிந்த கண்ணோடு பார்க்கலாம்.

படத்தின் பின்னணியில் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 1943 நவம்பரில் பசிபிக் பெருங்கடலின் தராவா தீவில் அமெரிக்கப் படை இறங்க முயன்றபோது, கடலின் ஆழம் தவறாகக் கணிக்கப்பட்டிருந்தது. படகுகள் பவளப் பாறைத் திட்டில் தட்டி நின்றன. வீரர்கள் நீரில் இறங்கிக் கரையை நோக்கி நெடுந்தொலைவு நடக்க வேண்டியதாயிற்று. நடந்தவர்களைத் துப்பாக்கிக் குண்டுகள் வீழ்த்தின. மூன்று நாள் போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர் மாண்டனர். அத்தீவைக் காத்து நின்ற சுமார் 4,700 பேருள் உயிரோடு பிடிபட்டோர் 146 பேர் மட்டுமே. அவர்களிலும் 129 பேர் ஜப்பானியரால் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட கொரியத் தொழிலாளர். இந்த எண்களை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இவற்றுக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

தராவாவில் கற்ற பாடத்தின் விளைவாகவே, படை இறங்குமுன் கரையோரக் கடலை அளந்து, அங்குள்ள தடைகளை வெடிவைத்துத் தகர்க்கும் நீச்சல் பிரிவுகள் வளர்ந்தன. அவர்கள் செய்த வேலையின் பெரும்பகுதி, சண்டை என்று சொல்லத்தக்கதன்று, அளவை வேலை. முடிச்சிட்ட கயிற்றை இழுத்துக்கொண்டு நீந்தினார்கள். ஈயக்குண்டு கட்டிய நூலை இறக்கி ஆழம் பார்த்தார்கள். பார்த்ததை நீரில் அழியாத பலகையில் குறித்தார்கள். 1944-இல் சைப்பான் தீவில் தங்கள் உடம்பிலேயே அடிக்கு ஒரு கோடாகக் கறுப்பு மை தீட்டிக்கொண்டு, உடம்பையே அளவுகோலாக்கி நின்றார்கள். மறைமலைநகரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில், திருப்போரூர் வழியாகக் கிழக்கே சென்று கோவளம் கரையில் நிற்கும் ஒரு மீனவருக்கு இது வியப்பாக இராது. அவரும் கடலின் ஆழத்தைப் 'பாகம்' என்றுதானே சொல்கிறார்? இரு கைகளையும் விரித்தால் வரும் நீளமே ஒரு பாகம். மனித உடம்பைக் கொண்டு கடலை அளப்பது நம் கரையோர மக்களின் பழைய வழக்கம்.

இந்த அளவை வேலையைப் படம் பொறுமையோடு காட்டுகிறது. அதன் முதற்சிறப்பு அதுவே. விரைந்து செல்லும் படகின் பக்கத்தில் ஒரு ரப்பர் மிதவை கட்டப்பட்டிருக்கிறது. அதிலிருந்து வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக நீரில் உருண்டு விழுகிறார்கள். வேலை முடிந்ததும் வரிசையாக மிதந்து, கையை உயர்த்திக் காத்திருக்கிறார்கள். ஓடும் படகு நிற்காமலே, வளையம் ஒன்றால் அவர்களை வாரி எடுத்துக்கொள்கிறது. அமெரிக்கக் கடற்படையின் ஒத்துழைப்போடு எடுக்கப்பட்டமையால் இக்காட்சிகளில் ஒப்பனை தெரிவதில்லை. ஒளிப்பதிவாளர் நார்பர்ட் புரோடைனின் கருவி நீரின் மேற்பரப்பை ஒட்டியே இயங்குவதால், அந்த உயர்ந்த கைகள் எவ்வளவு சிறியவை, கடல் எவ்வளவு பெரியது என்பது சொல்லாமலே விளங்குகிறது. தொழில் ஒன்றை அதன் உண்மையான அசைவுகளோடு காட்டுவது கலைக்கு எத்துணை வலிமை தரும் என்பதற்கு இது நல்ல சான்று.

இனிக் கதைக்கு வருவோம். நான்காம் நீரடித் தகர்ப்புப் பிரிவின் தலைவர் காசிடி போரில் இறந்துவிட்டார். வீரர்கள் அவரைத் தந்தையைப்போல் நேசித்தவர்கள். அவர் இடத்துக்கு லாரன்ஸ் என்னும் புதிய தலைவர் வருகிறார். ரிச்சர்ட் விட்மார்க் இப்பாத்திரத்தை ஏற்றிருக்கிறார். இறுகிய முகம், சுருங்கிய சொல், விதியை அணுவளவும் விட்டுக்கொடாத போக்கு. வீரர்களின் சார்பில் நிற்பவர் பிளானிகன் என்னும் மூத்த படைவீரர். அவராக நடிப்பவர் டேனா ஆண்ட்ரூஸ். இருவருக்குமிடையே வளரும் பிணக்கும் அது தீரும் முறையுமே கதையின் உயிர்நாடி.

மறைமலைநகர் போன்ற தொழில் நகரில் வாழும் நமக்கு இந்தப் பிணக்கு புதிதன்று. தொழிலாளர் மதித்த மேற்பார்வையாளர் ஒருவர் போய்விடுகிறார், புதியவர் வருகிறார். அவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனாலும் மனம் ஒப்புவதில்லை. "பழையவர் இருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாரா?" என்ற ஒப்பீடு ஒவ்வொரு ஷிப்டிலும் எழும். அதிகாரம் ஆணைத்தாளோடு வந்துவிடுகிறது. நம்பிக்கை அவ்வாறு வருவதில்லை. அதை ஒருவர் நாள்தோறும் உழைத்தே ஈட்ட வேண்டும். படத்தின் முதற்பாதி இந்த உண்மையை நுட்பமாகக் கையாள்கிறது.

தூத்துக்குடிக் கடற்கரையில் முத்தும் சங்கும் குளித்தவர்களிடையே ஒரு வழக்கம் சொல்லப்படுவதுண்டு. குளியாள் கல்லைப் பற்றிக்கொண்டு ஆழத்துக்கு இறங்குவான். தோணியில் இருப்பவன் கயிற்றைப் பிடித்திருப்பான். மூச்சு முட்டும் வேளையில் குளியாள் கயிற்றை அசைப்பான். மேலிருப்பவன் உடனே இழுத்துவிட வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்களாம். தன் சகோதரி கைம்பெண்ணாகிவிடக்கூடாதே என்னும் கவலை அவனுக்கு இருக்கும் அல்லவா? நீரடியில் உழைப்பவனின் உயிர் எப்போதும் இன்னொருவன் கையில் இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. 'தவளை மனிதர்' படம் எழுப்பும் முதல் வினாவும் இதுவே: கயிறு யார் கையில் இருக்கிறது? அந்தக் கையை நம்பலாமா?

ஒரு பணியில் எதிரியின் குண்டுவீச்சு கடுமையாகிறது. நீரில் இன்னும் ஆட்கள் இருக்கையில், அவர்களைத் தேடுவதைவிட, அளந்தெடுத்த தகவலைக் கப்பலில் சேர்ப்பதே முதற்கடமை என்று லாரன்ஸ் முடிவு செய்கிறார். அவர் கணக்கு எளியது. அத்தகவல் சேராவிட்டால் மறுநாள் கரையிறங்கும் ஆயிரக்கணக்கானோர் தராவாவில் மாண்டவர்களைப்போல் மாள நேரிடும். வீரர்கள் மனம் கொதிக்கிறார்கள். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு வழிதவறிய ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனின் உவமையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அதற்கு நேர்மாறான இம்முடிவு உறுத்தாமல் இராது. ஆயினும் லாரன்ஸைக் கொடியவர் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. போர் என்பது நல்ல மனிதனையும் இப்படிப்பட்ட கூட்டல் கழித்தலுக்குத் தள்ளிவிடுகிறது என்பதைப் படம் ஒளிக்கவில்லை. அம்முடிவை நியாயம் என்று முழங்கவும் இல்லை. தலைவர் தம் அறைக்குள் தனியே சுமக்கும் பாரமாக அதை விட்டுவிடுகிறது.

பவளப் பாறை கிழித்த காயத்தால் லாரன்ஸின் உடம்பில் நஞ்சேறுகிறது. அவர் அதை எவரிடமும் சொல்வதில்லை. அடுத்த பணிக்கு அவர் வராதபோது, வீரர்கள் அவரைக் கோழை என்று எண்ணுகிறார்கள். தம் வலியைச் சொல்லி இரக்கம் தேடாத அவரது மௌனம் பெருமைக்குரியதா, அல்லது தம் வீரர்களை நம்பாத இறுமாப்பா? இரண்டும் கலந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. நற்செய்தியில் வரும் நூற்றுவர் தலைவரை இங்கே நினைக்கலாம். தாமும் அதிகாரத்துக்கு உட்பட்டவர் என்பதை அறிந்த அவர், நோயுற்ற தம் பணியாளருக்காகப் பிறரிடம் மன்றாட நாணவில்லை. லாரன்ஸுக்கு முற்பகுதி தெரிகிறது. பிற்பகுதியைக் கற்க முழுப்படமும் தேவைப்படுகிறது.

கற்கும் இடம் ஒன்று உண்டு. எதிரி ஏவிய டார்ப்பிடோ கப்பலைத் துளைத்து, வெடிக்காமல் நோயாளர் அறைக்குள் வந்து சிக்கிக்கொள்கிறது. அருகே படுத்த படுக்கையாகக் கிடப்பவன் கிரைட்டன் என்னும் இளம் வீரன். ஜெஃப்ரி ஹன்டர் நடித்த பாத்திரம். அவனை அசைக்க முடியாது. லாரன்ஸ் உள்ளே செல்கிறார். அவருக்குத் துணையாகப் பிளானிகனும் நிற்கிறார். இரு மனிதர், ஓர் இயந்திரம், ஒரு நோயாளி. மெல்லிய குரலில் சில சொற்கள். லாரன்ஸ் வெடியைச் செயலிழக்கச் செய்கிறார். தகவலுக்காக மனிதரைப் பின்னிருத்திய அதே தலைவர், இப்போது ஒருவனுக்காகத் தம்மையே பணயம் வைக்கிறார். உவமையின் ஆயன் சற்றுப் பிந்தியேனும் வந்துவிடுகிறான். படத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பது நம் துணிபு.

இறுதிப் பணியில் லாரன்ஸ் நீருக்கடியில் கத்திக் குத்துப்பட்டுச் சாகும் நிலைக்கு வருகிறார். தம்மை விட்டுவிட்டுப் போகுமாறு கட்டளையிடுகிறார். பிளானிகன் கட்டளையை மீறி அவரை இழுத்து வந்து காப்பாற்றுகிறார். முன்னைத் தலைவர் காசிடியின் உருவப்படத்தில் வீரர்கள் எல்லாரும் கையொப்பமிடுகிறார்கள்; லாரன்ஸும் கையொப்பமிட வேண்டும் என்று நீட்டுகிறார்கள். பாராட்டுரையும் பதக்கமும் தர முடியாததை அந்தச் சிறு செயல் தந்துவிடுகிறது. கயிறு யார் கையில் என்ற முதல் வினாவுக்குப் படம் இவ்வாறு நிறைவான விடை சொல்கிறது.

ஆனால் இரண்டாவது வினா ஒன்று இருக்கிறது. அதைப் படம் கேட்கவே இல்லை. முகமூடிக்கு அப்பால் இருப்பவன் யார்?

இறுதிப் பணி, ஜப்பானியரின் நீர்மூழ்கிக் கப்பல் தளம் ஒன்றைத் தகர்ப்பது. அங்கே மூச்சுக் கருவி அணிந்து அமெரிக்கர் செல்கிறார்கள், ஜப்பானிய மூழ்கு வீரர்கள் எதிர்ப்படுகிறார்கள், கைகலப்பு நிகழ்கிறது. வரலாற்றில் இப்பிரிவினர் அந்தப் போரில் பெரும்பாலும் மூச்சுக் கருவியின்றியே நீந்தினர்; ஆகவே இப்பகுதி கற்பனை மிகுந்தது. கற்பனை மிகுந்தது என்பதற்காக நாம் குறை கூறவில்லை. அதுவரை தொழிலின் ஒவ்வோர் அசைவையும் உண்மையாகக் காட்டிய படம், எதிரியைச் சந்திக்கும்போது திடீரென்று குருடாகிவிடுகிறது என்பதே நம் குறை. நிலத்திலும் வானிலும் எதிரி தொலைவில் இருப்பான். நீரடியில் அவன் ஒரு கை நீளத்தில் இருக்கிறான். கண்ணாடிக்குள் அவன் கண் தெரியும். அவன் மூச்சுக் குமிழ் நம் முகத்தில் உடையும். மனிதனை மனிதன் இவ்வளவு நெருக்கத்தில் காணும் போர்க்களம் வேறெங்கும் இல்லை. அந்த நெருக்கத்தில் ஒரு கணமேனும் கருவியை நிறுத்தி எதிரியின் முகத்தைக் காட்டியிருந்தால், இப்படம் வேறொரு தளத்துக்கு உயர்ந்திருக்கும். எதிரியோ, மேளத்தோடு வந்து போகும் பொம்மையாக மறைந்துவிடுகிறான். தராவாவில் மாண்ட ஆயிரக்கணக்கானோரையும் பிழைத்த 129 கொரியத் தொழிலாளரையும் நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அக்கரைகளில் இருந்தவர் எல்லாரும் விரும்பி வந்த வெறியர் அல்லர்.

கரையும் படத்தில் வெறுமையாகவே கிடக்கிறது. பிளானிகனும் கிரைட்டனும் விளையாட்டுத்தனமாக எதிரியின் கரையில் ஏறி, பின்னால் வரும் படையினரை வரவேற்கும் அறிவிப்புப் பலகை ஒன்றை நட்டுவிட்டு வருவதாக ஒரு காட்சி உண்டு. கிரைட்டன் சுடப்படுவது அப்போதுதான். இக்காட்சிக்கு அடிப்படை, 1944 ஜூலையில் குவாம் தீவில் உண்மையில் நடந்த நிகழ்ச்சி. அங்கே நீச்சல் வீரர்கள் அப்படியொரு பலகையை நட்டுவைத்திருந்தார்கள். ஜூலை 21-இல் படை இறங்கியது.

அந்தப் பலகைக்குப் பின்னால் இருந்த குவாம் எப்படிப்பட்டது? 1668-இல் இயேசு சபைத் துறவி தியேகோ லூயிஸ் தெ சான் வித்தோரஸ் வந்து மறைபரப்பத் தொடங்கிய தீவு அது. அதன் சமோரோ மக்கள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். 1941 டிசம்பர் முதல் ஜப்பானிய ஆட்சியில் கட்டாய உழைப்புக்கு ஆளான அம்மக்கள், 1944 ஜூலையில் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் காட்டுப்பகுதி முகாம்களுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். ஜூலை 12-ஆம் நாள், அம்மக்களிலிருந்தே எழுந்த குருவான அருட்தந்தை ஹேசுஸ் பாசா துவேஞாஸ் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். சில நாள்களுக்குள் அதே தீவின் கரையில் அந்தப் பலகை சிரித்துக்கொண்டு நின்றது.

வீரர்களின் நகைச்சுவையை நாம் பழிக்கவில்லை. சாவின் விளிம்பில் வாழும் இளைஞருக்குச் சிரிப்பும் ஒரு மருந்து. அவர்கள் அளந்த ஆழமும் தகர்த்த தடைகளும் அம்மக்களின் விடுதலைக்கு உதவின என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் திரைப்படக் கலைஞருக்கு ஏழாண்டுகள் அவகாசம் இருந்தது. கரையைக் காட்டியவர்கள் அங்கு வாழ்ந்தவர்களைக் காட்டவில்லை. யாருக்காக அந்தக் கடல் அளக்கப்பட்டது என்ற கேள்விக்கு, பின்னால் வரும் படைக்காக என்பதைத் தவிரப் படத்தில் விடை இல்லை. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1951-இல், கடற்படையின் ஒத்துழைப்போடு எடுத்த படத்திடம் அதற்கு மேல் எதிர்பார்க்கலாமா என்று கேட்பவரும் உண்டு. எதிர்பார்க்கலாம் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

1941 டிசம்பர் 19 விடியற்காலை. எகிப்தின் அலெக்சாந்திரியாத் துறைமுகம். மனிதர் ஏறிச் செலுத்தும் டார்ப்பிடோக்களில் ஆறு இத்தாலிய மூழ்கு வீரர்கள் இருவர் இருவராக நுழைகிறார்கள். அவர்களுள் லூயிஜி துராந்த் தெ லா பென்னே, எமிலியோ பியாங்கி ஆகிய இருவரும் 'வேலியன்ட்' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அடியில் வெடியை வைத்தபின் பிடிபடுகிறார்கள். எங்கே வைத்தீர்கள் என்ற கேள்விக்கு அவர்கள் வாய் திறக்கவில்லை. கப்பல் தலைவர் சார்லஸ் மார்கன் அவர்களைக் கப்பலின் அடித்தளத்தில் அடைக்கிறார். வெடிக்கச் சிறிது நேரமே இருக்கும்போது தெ லா பென்னே கப்பல் தலைவரைக் காணவேண்டும் என்கிறார். கப்பல் வெடிக்கப்போகிறது, உங்கள் ஆட்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று எச்சரிக்கிறார். வெடி இருக்கும் இடத்தை அப்போதும் சொல்லவில்லை. மீண்டும் கீழே அடைக்கப்படுகிறார். வெடி வெடித்தது; கப்பல் துறைமுகத் தரையில் அமிழ்ந்தது; இருவரும் உயிர் பிழைத்தனர். 1945 மார்ச்சில் இத்தாலி அவருக்கு வீரப் பதக்கம் வழங்கியபோது, அதை அவர் மார்பில் அணிவித்தவர் அதே மார்கன்.

தம் நாட்டுக்கான கடமையை அம்மனிதர் கைவிடவில்லை. கப்பலில் இருந்தவர்கள் மனிதர் என்பதையும் மறக்கவில்லை. 1965-இல் வெளிவந்த 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் சங்க ஏடு, அறநெறிக்கு முரணான ஆணைகளை நிறைவேற்றியவருக்குக் குருட்டுக் கீழ்ப்படிதல் சாக்காகாது என்று கற்பிக்கிறது. போர்வீரனின் மனச்சான்று எங்கே விழித்திருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, தெ லா பென்னே கப்பல் தலைவரைக் காண வேண்டும் என்று கேட்ட அந்த நொடியைச் சுட்டலாம். இந்நிகழ்ச்சியை ராய் வார்ட் பேக்கர் 1962-இல் 'தி வேலியன்ட்' என்ற பெயரில் படமாக்கினார். ஜான் மில்ஸ் கப்பல் தலைவராக நடித்தார். நீரடிக் காட்சிகளின் அழகில் அப்படம் 'தவளை மனிதர்' அளவுக்கு உயரவில்லை. எனினும் அதன் நடுவே, ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்க்கும் பகைவர் இருக்கிறார்கள். முகமூடி கழன்றுவிடுகிறது.

இவ்வகைப் போர் நமக்கு அயலானதும் அன்று. 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து சுமார் ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பலில் பயிற்சியில் இருந்த வங்காள மாலுமிகள் தப்பி வந்தனர். அவர்களில் எட்டுப் பேர் இந்தியா சேர்ந்தனர். அவர்களையும் ஆற்றங்கரைக் கிராமங்களிலிருந்து வந்த மாணவரையும் இளைஞரையும் கொண்டு, பிளாசியில் பாகீரதிக் கரையில் இந்தியக் கடற்படை ஒரு மறைமுகப் பயிற்சி முகாம் நடத்தியது. காந்தத்தால் கப்பலில் ஒட்டிக்கொள்ளும், ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள வெடியை உடம்பில் கட்டிக்கொண்டு, இரவில் மணிக்கணக்கில் நீந்த அவர்கள் பழகினர். கல்கத்தா வானொலியில் ஒலித்த இரண்டு பாடல்களே தாக்குதலுக்கான அடையாளம். ஆகஸ்டு நடுவில் சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் ஆகிய துறைமுகங்களில் ஒரே சமயத்தில் கப்பல்கள் வெடித்தன. அந்நடவடிக்கையை வழிநடத்திய கடற்படை அதிகாரி சமந்த், பத்திரிகையாளர் சந்தீப் உன்னிதனோடு இணைந்து எழுதிய நூல் 2019-இல் வெளிவந்தது.

அமெரிக்கத் தவளை மனிதருக்கும் இவர்களுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. இவர்கள் அளந்து நீந்தியது அயல் தீவின் கடலை அன்று. தாங்கள் பிள்ளைப் பருவத்தில் குளித்து விளையாடிய ஆற்றை. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரும் படகோட்டியும் அவர்களுடைய ஊரார். வெடி வெடித்தால் மறுநாள் விசாரணைக்கு இழுக்கப்படக்கூடியவரும் அவர்களே. இந்தக் கதையைப் படமாக்கத் துணியும் கலைஞர், விரும்பினாலும் கரையை வெறுமையாகக் காட்ட முடியாது. அதே போரின் நீர்மூழ்கிக் கப்பல் கதையை 2017-இல் 'காஸி' படத்தில் தமிழிலும் பார்த்தோம்; ஆற்றில் நீந்திய அந்த இளைஞரின் கதையும் கலைக்குரிய பொருளே.

வங்க ஆற்றுக்கு மட்டுமன்று, நம் கடலுக்கும் இது பொருந்தும். 1983 முதல் 2009 வரை இலங்கையில் நடந்த போரில், பாக் நீரிணையும் அதைச் சூழ்ந்த கடலும் போர்க்களமாயின. அக்காலத்தில் வலை வீசச் சென்றவருக்கு எதிரில் வருவது எவருடைய படகு என்பதே தெரியாது. தடை செய்யப்பட்ட கடலின் எல்லை அன்றாட உணவின் எல்லையாயிற்று. இரு கரைகளிலும் கோவில் மணி கேட்டு எழுந்து கடலுக்குச் சென்றவர் பலர் திரும்பவில்லை. அவர்கள் எந்தப் படையிலும் சேர்ந்தவர் அல்லர். கடற்போர்ப் படம் எதிலும் மீனவரின் தோணி ஒன்று சட்டத்துக்குள் வருகிறதா என்று பார்ப்பது, நம் கரையில் பிறந்தவர் கைக்கொள்ளத்தக்க எளிய உரைகல்.

மூழ்கும் கலை அழிவுக்கு மட்டுமே உரியதும் அன்று. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை மாமல்லபுரக் கரையைத் தாக்கிய பின்னர், 2005-இல் இந்தியத் தொல்லியல் துறையும் கடற்படையும் இணைந்து அங்கே கடலடி ஆய்வு நடத்தின. போர்க்காலத்தில் கப்பலின் அடிவயிற்றைத் தேடும் பயிற்சி பெற்றவர்கள், பழங்கட்டடங்களின் கற்களைத் தேடி நம் கடலில் இறங்கினர். கருவி ஒன்றே, மூச்சடக்கும் பயிற்சியும் ஒன்றே. அதை எதற்காகப் பயன்படுத்துவது என்பதை மனிதன்தான் தீர்மானிக்கிறான்.

இனி நம் தீர்ப்பைச் சொல்லலாம். 'தவளை மனிதர்' பார்க்கத்தக்க படம். தலைமை என்பது கட்டளையிடுவதோடு முடிவதில்லை, கட்டளைக்கு உட்படுவோரின் இடர்ப்பாட்டைத் தானும் ஏற்கும்போதே அது மதிக்கப்படுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன போர்ப்படங்கள் மிகச் சில. அலுவலகத்திலோ ஆலையிலோ பங்குப் பேரவையிலோ பிறர்மேல் பொறுப்பு ஏற்றிருக்கும் எவரும் அந்த நோயாளர் அறைக் காட்சியைப் பார்த்துப் பயன்பெறலாம். ஆனால் அது பாதி உண்மையைச் சொல்லும் படம். தன் பக்கத்து மனிதனின் உயிர் எவ்வளவு அரியது என்று கற்பித்த கலை, எதிர்ப்பக்கத்து மனிதனுக்கும் கரையில் வாழ்பவனுக்கும் அதே மதிப்பைத் தர மறந்துவிட்டது.

ஆதலின் அன்பியக் கூட்டத்திலோ இளைஞர் குழுவிலோ இப்படத்தைக் காட்டுவோர், படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டுக் கலைந்துவிடாமல், சற்று நேரம் உட்கார்ந்து பேசுமாறு வேண்டுகிறோம். கயிற்றைப் பிடித்த கையைப் பற்றி இளைஞர் தாமாகவே பேசுவர். முகமூடிக்குள் இருந்த அந்த ஜப்பானிய வீரனுக்கும் ஒரு பெயர் இருந்திருக்குமே, அவன் கயிற்றைப் பிடித்திருந்தவன் யார் என்ற கேள்வியைப் பெரியவர்கள் எழுப்ப வேண்டும். குவாம் தீவின் அருட்தந்தை துவேஞாஸின் பெயரையும் அப்போது சொல்லுங்கள்.